ஆறாம் குழியில் சத்தம் கூடாது

சங்குக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறக்கி வைக்க அவளுக்கு மனமும் இல்லை. கோபத்தைக் கீழே வைத்தால் அடுத்தது அழுகைதான், அதற்கு இதுவே தேவலை என்று இருக்கிறாள்.

சங்கு என்பது பட்டப்பெயர். தொழிற்சாலையில் ஷிப்டு மாறும்போது ஊதுவார்களே, அந்தச் சங்கு. அவள் தொண்டை அப்படி. வீட்டுக்குள் இருந்துகொண்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து, "ஆச்சு" என்று பதில் வரும். பிறந்தபோதே அப்படித்தான் அழுதாளாம். நர்ஸ் ஓடி வந்து, இரட்டைப் பிள்ளையோ என்று துணியை விலக்கிப் பார்த்தாளாம். அன்றிலிருந்து யாராவது ஒருவர் அவளை அடக்கிக்கொண்டே இருந்தார்கள். அப்பா, "மெதுவா" என்பார். அம்மா பேசக்கூட மாட்டாள், உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ பாட வேணாம், வாயை மட்டும் அசைச்சா போதும்" என்றாள். தன் சொந்தப் பெயரைவிட 'மெதுவா' என்ற சொல்லை அதிகம் கேட்டு வளர்ந்தவள் அவள்.

அந்தக் குரல் தனக்கு வேண்டும் என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

இளவயதில் இரண்டு பேரும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைக்கிற இயந்திரம், பிழிகிற இயந்திரம், சூடாக்கித் தேய்க்கிற உருளை எல்லாம் சேர்ந்து போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். எல்லோருக்கும் கைஜாடைதான். அங்கே புதிதாக வந்து சேர்ந்த ஓர் ஆளிடம், பெயர் தெரியாததால், "ஏங்க, அந்தக் கூடையை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் இவள். அவர் வெடுக்கென்று திரும்பினார். கூடையைத் தள்ளவில்லை, இவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேலைக்குச் சேந்ததுலேருந்து நான் கேட்ட முதல் மனுஷக் குரல் அது" என்று பிற்பாடு சொன்னார்.

அதற்கப்புறம் கூடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் 'ஏங்க' என்றால் அவர் திரும்புவார். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளும் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். 'ஏங்க' மட்டும் மாறவில்லை. முகத்தில் சோப்பு நுரையோடு நின்றாலும் சரி, சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் சரி, முதல் கூப்பாட்டிலேயே தலை திரும்பிவிடும். இரண்டாம் தடவை கூப்பிட்டதாகச் சரித்திரம் கிடையாது. "என் கழுத்துல ஒரு கயித்தைக் கட்டி நுனியை உங்கிட்ட குடுத்திருக்காங்க" என்று அவரே தன்னைக் கேலி செய்துகொள்வார்.

சலவைக்கூடத்தை மூடியபோது இரண்டு பேரும் கோல்ஃப் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவருக்குப் புல்தரையில் வேலை. களை எடுப்பது, மணலைச் சீராக்குவது, குழியைச் சுற்றி இருக்கிற வழவழப்பான புல்லை, கிரீன் என்பார்கள், கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்து ஒட்டுப்போடுவது. அவளுக்கு முதலில் துண்டு மடிக்கிற அறை. ஒருநாள் ஆட்டக்காரர்களைக் கூப்பிடுகிற ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, இவள் வாசலில் வந்து, "அடுத்த செட்டு வாங்க" என்றாள். அடுத்த செட்டும் வந்தது, அதற்கடுத்த செட்டும் வந்தது, சாப்பாட்டு அறையில் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். ஒலிபெருக்கியை அப்புறம் யாரும் பழுது பார்க்கவில்லை. அவளையே ஸ்டார்ட்டர் ஆக்கிவிட்டார்கள்.

ஸ்டார்ட்டருக்கு முதல் குழிக்கு அடிக்கிற மேட்டின் பக்கத்தில் ஒரு மரக்கூண்டு உண்டு. யார் முறை என்று கூப்பிட வேண்டும், கணக்கு எழுதுகிற அட்டையைக் கொடுக்க வேண்டும், லோக்கல் ரூல் சொல்ல வேண்டும். ஆட்டம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு மைதானத்துக்கும் அதற்கென்று சில விதிகள் இருக்கும். வெள்ளைக் குச்சிக்கு அந்தப்புறம் போன பந்து போனதுதான், தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. புதிதாக நட்ட மரக்கன்றுக்குப் பக்கத்தில் பந்து விழுந்தால் எடுத்துத் தள்ளி வைத்து அடிக்கலாம், கன்று தப்பிக்கட்டும். இதெல்லாம் விதி. விதிக்கு மேல் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் பேசக் கூடாது, இருமக் கூடாது, சில்லறையைக் குலுக்கக் கூடாது. மணலில் இறங்கினால் தன் காலடியைத் தானே அழித்துவிட்டு ஏற வேண்டும். தன் நிழல் இன்னொருவரின் பந்து போகிற வழியில் விழாதபடி ஒதுங்கி நிற்க வேண்டும்.

இந்த மரியாதைகள் அவளுக்குப் பிடித்திருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "நிழல் விழுந்தாக்கூட விலகி நிக்கிறாங்க, பாருங்களேன்" என்று வீட்டுக்காரரிடம் வியந்து வியந்து சொல்லியிருக்கிறாள். இப்போது அதை நினைத்தால் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல வருகிறது.

இத்தனை அமைதிக்கும் நடுவே ஒரே ஒரு கத்தல் மட்டும் மரியாதைக் கணக்கில் சேரும். அடித்த பந்து கோணிக்கொண்டு ஆள் இருக்கிற பக்கம் போனால், அடித்தவர் அடிவயிற்றிலிருந்து 'ஃபோர்' என்று கத்த வேண்டும். இங்கிலீஷில் நாலு என்கிற மாதிரியே காதில் விழும். ஆனால் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பந்து வருகிறது தலையைக் காப்பாற்றிக்கொள் என்று அர்த்தம். அந்தப் பந்து கைக்குள் அடங்குகிற சின்னச் சாமான்தான், ஆனால் கல்லு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்காரர் அந்தக் கத்தலைக் கேட்டு, என்னத்தை நாலு நாலு என்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார். முன்பல் இரண்டு போயிற்று. "நாலுன்னாங்க, ரெண்டோட விட்டாங்க" என்று அவர் பொக்கை வாயால் சொல்லிச் சிரித்தார். அன்றே கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபோர் என்று கேட்டால் நிமிராதே, திரும்பாதே, யார் எவர் என்று பார்க்காதே. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனி.

மைதானம் ஒரு வளையம்போலச் சுற்றி வருவதால் ஆறாம் குழி சங்கின் கூண்டுக்கு நேர் கீழே, சரிவின் அடியில் வந்து முடியும். அங்கிருக்கிற கிரீன்தான் வீட்டுக்காரருக்குச் செல்லப்பிள்ளை. அவர் குனிந்தால் இவளுக்கு அவர் முதுகு தெரியும். ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்குக் கத்த வெட்கம். அடித்துவிட்டு வாய்க்குள்ளேயே ஃபோர் என்று முனகுவார்கள். அதனால் பந்து கோணினால் இவளே மேலிருந்து "ஃபோர்" என்று ஒரு குரல் விடுவாள். கீழே எல்லா முதுகும் ஒரே சமயத்தில் மடங்கும். "மத்த இடத்துல சங்கு ஊதினா ஆள் காலின்னு அர்த்தம். நம்ம இடத்துல சங்கு ஊதினாத்தான் ஆள் பிழைப்பான்" என்று புல்தரை ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வாழ்நாள் முழுக்க வாங்கிய 'மெதுவா'வுக்கெல்லாம் பதிலாக அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு பேச்சு.

அப்புறம் வீடுகள் வந்தன. ஆறாம் குழியின் வேலிக்கு அந்தப்புறம் மூன்று மாடி, நான்கு மாடியாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் புல்லைப் பார்த்தாற்போல ஒரு பால்கனி வைத்தார்கள். பச்சைப் பசேலென்று தெரிகிறது என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். வாங்கிக் குடிவந்து, சாமான்களைப் பிரித்து முடிக்கும் முன்பே புகார் எழுத ஆரம்பித்தார்கள். காலையில் யாரோ கத்துகிறார்களாம், தூக்கம் கெடுகிறதாம், குழந்தை பதறி எழுகிறதாம். மைதானம் அவர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறது. அதை யார் கேட்டார்கள்?

மேனேஜர் ஒருநாள் கூண்டுக்கு வந்து ஒரு புது அட்டையை நீட்டினார்.

"புது லோக்கல் ரூல். இன்னைலேருந்து எல்லாருக்கும் சொல்லிடு."

அவள் வாங்கிப் படித்தாள். ஆறாம் குழி இனி அமைதிப் பகுதி. அங்கே யாரும் ஃபோர் என்று கத்தக் கூடாது. பந்து திசை மாறினால் ஆட்டக்காரர் ஒரு கையை நேராக உயர்த்தி, பந்து போகிற பக்கம் காட்டினால் போதும்.

"ஏன் சார், குனிஞ்சு களை எடுக்கறவங்களுக்கு இவங்க கையைத் தூக்கினது எப்படித் தெரியும்? முதுகுல கண்ணா இருக்கு?"

"மெதுவா பேசும்மா."

"மெதுவாத்தான் கேக்குறேன். ஒரு விசிலாவது குடுங்க."

"விசிலும் சத்தந்தானே."

"அப்ப தலைக்குக் கெட்டியா ஒரு தொப்பி குடுங்க. கட்டடம் கட்டறவங்க போட்டுக்கறாங்கல்ல, அந்த மாதிரி."

மேனேஜர் கெட்டவர் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர், இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து தேய்ந்தவர். "கேட்டுப் பாத்துட்டேன்" என்றார். "பச்சைப் புல்லுக்கு நடுவுல மஞ்சள் தொப்பி கண்ணை உறுத்துமாம். கேப்டன் வேண்டாம்னுட்டார்."

"பச்சைத் தொப்பி வாங்குங்க."

"பச்சைன்னா புல்லோட புல்லா போயிடும், ஆள் நிக்கிறதே தெரியாது, ஆபத்துங்கறார்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் உறைத்தது. நிழல் விழுந்தால் குற்றமாம், பந்து ஆள்மேல் விழலாமாம்.

கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை, ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்ட தலைவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, பூனை நடை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

சங்கு அட்டையில் இருந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு செட்டுக்கும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கடைசியில் அட்டையில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டாள். "அங்க கீழ குனிஞ்சிட்டிருக்கறது என் வீட்டுக்காரர்." அவ்வளவுதான். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஆட்டக்காரர்கள் கீழே எட்டிப் பார்ப்பார்கள், தொண்டையைச் செருமுவார்கள், சிலர் அன்று சரியாக அடிக்கவே மாட்டார்கள். பழக்கதோஷத்தில் நடுவே ஓரிரு முறை மேலிருந்து ஃபோர் என்றும் கத்திவிட்டாள்.

கேப்டன் கூண்டுக்கே வந்தார்.

"அம்மா, உங்க வீட்டு விஷயத்தை இங்க கொண்டு வராதீங்க. அடிக்கப் போறவங்க மனசு கலையுது."

"அவர் தலை கலைஞ்சிடும்னுதான் சார் சொல்றேன்."

"அட்டையில என்ன இருக்கோ அது மட்டும். அப்புறம் அந்தச் சொல். இனிமே உங்க வாயிலேருந்து அது வரக் கூடாது. வந்தா இங்க வேற ஆளைப் போடுவோம், புல்தரையிலயும் வேற ஆளைப் போடுவோம்." எல்லாவற்றையும் தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அவள் பொரிந்து தள்ளினாள். வீட்டுக்காரர் சட்டையை மாட்டியபடியே, "விடு, அக்குள் வழியா பின்னாடி பாத்துக்கறேன்" என்று குனிந்து காட்டினார். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு எல்லாமே விளையாட்டு" என்று அவரையும் சேர்த்துத் திட்டினாள். இருந்தாலும் இருவர் வேலையும் ஒரே கொக்கியில் தொங்குகிறதே. அந்தச் சொல்லை விழுங்கப் பழகினாள். பந்து கோணும், சொல் தொண்டைவரை வரும், கசப்பு மாத்திரையைப் போல அதை உள்ளே தள்ளுவாள். நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொள்வாள். நாளாக ஆக, தொண்டைவரை வருவதும் நின்றது. நல்ல மாணவி.

ஒரு காலை. மேட்டில் கேப்டன் முதல் குழிக்கு அடிக்கத் தயாராக நின்றார். சுற்றிலும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கீழே வீட்டுக்காரர் கிரீனின் ஓரத்தில் முட்டி போட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு பல் டாக்டர் ஆறாம் குழிக்கு அடித்தார். தங்கமான மனிதர், விதி என்றால் உயிரை விடுவார். பந்து எழும்பியது, நேராக வந்தது, பாதி வழியில் மனதை மாற்றிக்கொண்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. பல் டாக்டர் கையை உயர்த்தினார். வகுப்பில் பதில் தெரிந்த பையன் தூக்குவதைப் போல, நேராக, அழகாக உயர்த்திக் காட்டினார்.

சங்கு எழுந்தாள். வாயைத் திறந்தாள். வரவேண்டிய சொல் வரவில்லை. விழுங்கி விழுங்கிப் பழகிய தொண்டை அதைத் தானாகவே விழுங்கிவிட்டது. அது அடைத்த இடத்தில் வேறொரு சொல் முட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏங்க!"

முதல் கூப்பாட்டிலேயே அவர் திரும்பினார். நிமிர்ந்து, மேலே பார்த்து, என்ன என்பதுபோலப் புருவத்தைக்கூட உயர்த்தினார். பந்து இடது கண்ணில் விழுந்தது.

அவள் சரிவில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். வந்தவருடைய கை இன்னும் பாதி உயர்ந்தே இருந்தது. "நான் கையைத் தூக்கினேன். எல்லாரும் பாத்தீங்கல்ல? நான் சரியாத்தான் தூக்கினேன்" என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மேட்டிலிருந்து கேப்டன், "அடிக்கிற நேரத்துல யார் கத்தினது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாராம். கேப்டன் அடித்த பந்து வெள்ளைக் குச்சிக்கு அந்தப்புறம் போய்விட்டதாம்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவமனைச் செலவைக் கிளப் பார்த்துக்கொண்டது, அதில் குறை சொல்ல முடியாது. மகள் வந்து, இருந்து, அழுது, திரும்பிப் போனாள். கமிட்டி கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்ததாக மேனேஜர் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் சங்கின் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டிலின் காலைப் பார்த்தார்.

"அங்க போய் நின்னு பாத்திருக்காங்க. அவர் குனிஞ்ச மேனிக்கே இருந்திருந்தா பந்து தலைக்கு மேலதான் போயிருக்குமாம். கத்தினதாலதான் நிமிர்ந்தார், நிமிர்ந்ததாலதான் பட்டுதுங்கறாங்க. ரூல் சரியாத்தான் இருக்காம். இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போட்டிருக்காங்க. இனிமே மைதானத்துல எங்கேயுமே வேலைக்காரங்க குரல் எழுப்பக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "நீ எப்ப வேணா திரும்பி வேலைக்கு வரலாம்னு கேப்டன் சொல்லச் சொன்னார்" என்றார்.

அவர்கள் சொன்னது பொய் இல்லை. அதுதான் அவளை உயிரோடு கொளுத்தியது. பொய் என்றால் முகத்துக்கு நேரே காறித் துப்பியிருப்பாள். அவள் கத்தியிராவிட்டால் அவருக்குக் கண் இருந்திருக்கும். அந்தச் சொல்லைக் கத்தியிருந்தாலும் இருந்திருக்கும். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்கியவர்கள், மீதியிருந்த சொல்லையும் கொண்டுவந்து அவள் தலையிலேயே கட்டிவிட்டுப் போகிறார்கள்.

"நான் ஏன் அப்படிக் கூப்பிட்டேன்?" என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டாள்.

"வேற எப்படிக் கூப்பிடுவே?"

"ஃபோர்னு கத்தியிருந்தா குனிஞ்சிருப்பீங்க."

"குனிஞ்சிருப்பேன்." கண்ணில் போட்டிருந்த கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆனா கூப்பிட்டது நீயாச்சே. நீ கூப்பிட்டா நான் குனியவா செய்வேன்?"

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் ஆணி அடித்தது. அன்றிலிருந்து வீட்டில் 'ஏங்க' நின்றுபோயிற்று. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க அடுக்களையிலிருந்து எழுந்து வந்து அவர் தோளைத் தொடுவாள். பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் பேசுவாள். அப்பாவும் அம்மாவும் பாட்டு டீச்சரும் சேர்ந்து சாதிக்க முடியாததைக் கேப்டன் சாதித்துவிட்டார். "உங்க வீட்ல யாரும் இல்லையா? சத்தத்தையே காணோமே" என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏய், ஒரு தடவை கூப்பிடேன். கண்ணு போச்சு சரி, காதுக்கு என்ன வந்துச்சு?" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வீட்டில் ஒரு சம்பளமாவது வர வேண்டும். அவள் வேலைக்குத் திரும்பினாள். இறுக்கிப் போட்ட புது அட்டை கூண்டில் தயாராக இருந்தது. அவள் வந்ததும் கூப்பிட்ட முதல் செட்டே கேப்டனுடையது. அட்டையில் இருந்ததை எழுத்துப் பிசகாமல், மெல்லிய குரலில் படித்தாள். கேப்டன் தலையசைத்தார். "இப்பத்தாம்மா சரியா இருக்கு. நீங்களும் கத்துக்கிட்டீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவருக்கு அதற்கு மேல் தெரியாது.

அவர்கள் அடித்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்திருப்பார்கள். சங்கு கீழே பார்த்தாள். ஆறாம் குழியில் வீட்டுக்காரர் முட்டி போட்டிருந்த அதே இடத்தில் வேறொருத்தி முட்டி போட்டிருந்தாள். புதுசு, சின்ன வயசு, பின்னலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, உலகத்துக்கே முதுகைக் காட்டிக்கொண்டு களை எடுத்தாள். தூரத்தில், அவள் வருவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்த ஒரு செட்டு ஆறாம் குழிக்குப் பந்தை வைத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தது. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, இத்தனை நாளும் அவள் விழுங்கியதெல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது.

அட்டையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். கூண்டை விட்டு இறங்கினாள். சரிவில் நடந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில், பந்து வரும் திசையைப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்ல. நீ உன் வேலையைப் பாரு. நான் கத்தினா மட்டும் தலையைப் பொத்திக்கிட்டுக் குனி."

தூரத்தில் அடித்தார்கள். பந்து நேராகத்தான் வந்தது. அதனால் என்ன?

"ஃபோர்!"

புல்தரை முழுக்க இருந்த முதுகெல்லாம் மடங்கின. ஏரிப் பக்கம் மணல் வாரிக்கொண்டிருந்தவர்கள்கூடக் குனிந்தார்கள். மரங்களிலிருந்து பறவைகள் கிளம்பின. பால்கனிக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஒரு பால்கனியில் ஓர் அம்மாள் கோப்பையோடு வந்து நின்று, சங்கைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அந்த விரலைச் சங்கு பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேராக அந்தப் பால்கனியை அண்ணாந்து பார்த்து இன்னொரு தடவை கத்தினாள். அடுத்த பந்துக்கும் கத்தினாள். பந்தே இல்லாதபோதும் கத்தினாள்.

கேப்டன் ஆட்டத்தைப் போட்டுவிட்டு வந்தார். பூனை நடை ஓட்டமாகியிருந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "நிறுத்து! வாயை மூடு! நிறுத்துன்னு சொல்றேன்ல!" என்று அலறினார். அந்த மனிதருக்கு அத்தனை பெரிய தொண்டை இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"மெதுவா பேசுங்க சார்" என்றாள் சங்கு. "ஆறாம் குழி இது. குழந்தைங்க தூங்குதாம்."

புல்தரை ஆட்கள் குனிந்த மேனிக்கே சிரித்தார்கள். மேனேஜர் தூரத்தில் நின்று, வர வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு மனிதரை அலற வைக்க அவள் வீட்டில் ஒரு கண் போக வேண்டியிருந்தது. அதை நினைத்தபோது கேப்டனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை. கிளப் கொடுத்த மேல்சட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணின் கூடையில் போட்டுவிட்டு, வேலிப் பக்கக் கதவு வழியாக நடந்தாள்.

வேலைக்காரர்கள் குடியிருப்பு மைதானத்தின் பின்பக்கம்தான். வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, நன்றாகக் குனிந்திருந்தார். தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று பதறினாள். பொக்கைவாய்ச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவள் நின்றது அவருடைய இடதுபக்கம். அவருக்குத் தெரியாது. தொட எடுத்த கையை மடக்கிக்கொண்டாள்.

"ஏங்க."

முதல் கூப்பாட்டிலேயே திரும்பினார். இடது கண் இல்லாததால் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. முழுக்கத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"வேலை போயிடுச்சு" என்றாள்.

"போனா போகட்டும்" என்று பக்கத்து வீட்டிலிருந்து பதில் வந்தது.